சொல்லடைவில் தேடினால் கிடைக்கவில்லையா? கையேட்டின் கடைசிப் பக்கங்களைத் திருத்தும் வழி

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெல் களஞ்சியத்துக்குப் போயிருந்தபோது, அங்கே பாவிக்கும் விற்பனை, இருப்பு மென்பொருளின் பயனர் கையேடு கவுண்டரில் கிடந்தது. நான் எழுதிய கையேடுதான். சுருள்கம்பி போட்ட பிரதி, மூலைகள் எல்லாம் மடங்கி, தேத்தண்ணீர் வட்டம் விழுந்து, நன்றாகவே பாவித்திருக்கிறார்கள். பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் இருபது வரி வரை எழுதியிருந்தது. ‘பில் பிழைச்சால் 88’, ‘பிறின்ரர் இழுக்காட்டி 141’, ‘ஈரம் கழிக்க 63’ என்று. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று, கவுண்டரில் இருக்கும் அக்கா தனக்கென்று செய்துகொண்ட அடைவு அது. கடைசியில் நான் சேர்த்திருந்த ஒன்பது பக்கச் சொல்லடைவில் மட்டும் ஒரு கறைகூட இல்லை.

“தம்பி, உங்கட லிஸ்டில தேடினா ஒண்டும் கிடைக்காது” என்றார், கோபமில்லாமல்.

அந்த ஒன்பது பக்கத்தைத் திருத்தப் போய்க் கண்டுபிடித்த பிழைகளைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். நான் வேலை செய்வது லிப்ரே ஒபிஸ் ரைட்டரில். மைக்ரோசொப்ட் வேர்டில் வேறு மாதிரி நடக்கும் இடங்களில் அதையும் சொல்கிறேன். உங்கள் கையேட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் கையேட்டைப் பாவிக்கும் ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு முன்தினம் சிக்கல் தந்த ஒரு விஷயத்தைத் தேடச் சொல்லிவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல் எந்த எழுத்தில் போய் நிற்கிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அறிகுறி: தேடுகிற சொல்லே அடைவில் இல்லை

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் அதிகம். காரணமும் ஒன்றுதான்: அடைவைச் செய்தவர் திரையில் இருக்கும் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார், தேடுகிறவர் தன் வாயில் இருக்கும் சொல்லோடு வருகிறார்.

எங்கள் மென்பொருளின் திரையில் ‘ஆவணம் இரத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கையேட்டிலும் அப்படியே எழுதினேன், அடைவிலும் ஆகாரத்தின் கீழ் ‘ஆவணம் இரத்து 88’ என்று போட்டேன். கவுண்டரில் யாரும் பில்லை ஆவணம் என்று சொல்வதில்லை. பில் என்பார்கள், சிட்டை என்பார்கள், கணக்காளர் பற்றுச்சீட்டு என்பார். இரத்து என்பதும் அங்கே பிழைத்தல், அழித்தல், கான்சல் என்று மூன்று வேடத்தில் வருகிறது. பென்சில் அடைவில் இருந்த அந்த 88 என் அடைவிலும் இருந்தது; ஆனால் அக்கா ஒருநாளும் போய்ப் பார்க்காத எழுத்தின் கீழ் இருந்தது.

திருத்தும் வழி இது. உதவி கேட்டு வரும் அழைப்புகளுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். அழைப்பவர் சொல்லும் முதல் வசனத்தை மட்டும், அவர் சொன்னபடியே எழுதுங்கள். நீங்கள் விளங்கிக்கொண்டதை எழுதினால் பயனில்லை, அது மறுபடியும் உங்கள் சொல்லாகிவிடும். நான் மாசி, பங்குனியில் காலபோக அறுவடை நெல் வந்து குவியும் வாரங்களில் இதைச் செய்தேன். அந்த நாட்களில் கேள்விகள் அதிகம், பொறுமை குறைவு. ஆதலால் வரும் சொற்களில் அலங்காரம் இருக்காது. ‘மூடைக் கணக்கு ஒத்து வரேல்ல’, ‘புசலில போட்டது கிலோவில வருது’. ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. கையேட்டில் இந்த மாற்றத்துக்கு நான் வைத்திருந்த தலைப்பு ‘அளவை அலகு அமைப்புகள்’! புசல் என்று பகரத்தில் ஒரு பதிவு போட்டதும் அந்தக் கேள்வி வருவது நின்றது.

இந்தச் சொற்களைச் சேர்க்கும்போது ‘காண்க’வைக் கண்டபடி பாவிக்காதீர்கள். ‘சிட்டை, காண்க: ஆவணம்’ என்று போட்டால் வரிசையில் பத்துப் பேர் நிற்க ஒருவர் இரண்டு தடவை தாள் புரட்ட வேண்டும். போக வேண்டிய இடம் ஒன்றிரண்டு பக்கம்தான் என்றால் அந்த எண்ணையே நேராகச் சிட்டைக்கு எதிரேயும் போடுங்கள். ஒரே பக்கம் நான்கு இடத்தில் வருகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஆவணத்தின் கீழ் ஏழெட்டு உட்பதிவுகள் இருந்தால் மட்டும் ‘காண்க’ போடலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல், கடன்சொற்களின் எழுத்துக்கூட்டல். பழைய ஆட்கள் ‘பிறின்ரர்’ என்று எழுதுவார்கள். பிள்ளைகள் தொலைக்காட்சியையும் இணையத்தையும் பார்த்து ‘பிரிண்டர்’ என்கிறார்கள். பாடப்புத்தகம் ‘அச்சுப்பொறி’ என்கிறது. தமிழ் அகரவரிசையில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடையில் ல, வ, ழ, ள என்று நான்கு எழுத்து இருக்கிறது. ஆகவே பிரிண்டருக்கும் பிறின்ரருக்கும் நடுவில் ‘பிழைச் செய்திகள்’ முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றைப் பார்த்தவர் மற்றதைப் பார்க்க மாட்டார். நான் அச்சுப்பொறியில் உட்பதிவுகளை வைத்து, மற்ற இரண்டிலும் அதிகம் கேட்கப்படும் பக்க எண்களைப் போட்டேன். கணனி, கணினி இரண்டும் அடுத்தடுத்து வரும் என்பதால் ஒன்று போதும். ‘ஸ்ரொக்’ கிரந்த எழுத்து என்பதால் வகரத்துக்கும் பின்னால் கடைசியில் போய்விழும், அங்கே யாரும் தேடுவதில்லை. அதை இருப்பு என்பதோடு ‘சாமான் இருப்பு’ என்று சகரத்திலும் போட்டுவிடுங்கள்.

எண்ணில் தொடங்கும் பதிவுகளும் அப்படித்தான். ‘80 மில்லிமீற்றர் தாள்’ அடைவின் தலையில் தனியாக நிற்கும். தாள் என்று தகரத்தில் வையுங்கள்.

அறிகுறி: அடைவு சொன்ன பக்கத்துக்குப் போனால் அங்கே விஷயம் இல்லை

இதில் இரண்டு வகை உண்டு, முதலில் பிரித்தறிய வேண்டும். விஷயம் ஒன்றிரண்டு பக்கம் தள்ளி இருக்கிறதா, அல்லது சொல் அந்தப் பக்கத்திலேயே இருந்தும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லையா?

தள்ளி இருக்கிறது, அதிலும் கையேட்டின் பின்பகுதிக்குப் போகப் போகத் தூரம் கூடுகிறது என்றால், வேர்டில் செய்தவர்கள் முதலில் பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானைப் பாருங்கள். அது அமுக்கப்பட்டிருந்தால் அடைவில் சேர வேண்டிய இடங்களில் நீங்கள் செருகிய, மறைவாக இருக்க வேண்டிய அடைவுக் குறிகளும் எழுத்தாக விரிந்து இடம் பிடிக்கும். வரிகள் கீழே தள்ளுப்படும், பக்கம் கூடும், அந்த நிலையில் அடைவைப் புதுப்பித்தால் கூடிய எண்களே பதியும். அச்சிடும்போது குறிகள் மறைந்து பக்கங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும், அடைவு மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் குறிகளை மறையுங்கள், பிறகு அடைவில் கேர்சரை வைத்து எஃப்9. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. ரைட்டரில் குறிகள் இடம் பிடிப்பதில்லை. அங்கே அடைவின்மேல் வலது சொடுக்கிப் புதுப்பிக்க மறந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

உங்கள் கணினியில் சரியாக இருந்து அச்சுப் பிரதியில் மட்டும் பிழைக்கிறதா? கோப்பை எப்படிக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். நகரத்தில் ஒரு கடைக்கு நான் வேர்ட் கோப்பாகவே கொடுத்தனுப்பினேன். அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை. வேறொரு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்தது, அது கொஞ்சம் அகலம். கையேடு ஆறு பக்கம் நீண்டது. கடைக்காரருக்கு அடைவைப் பற்றி என்ன தெரியும், பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து பிடிஎஃப் மட்டும்தான் கொடுக்கிறேன்.

இரண்டாவது வகை, சொல் இருக்கிறது, விஷயம் இல்லை. இது சோம்பலில் வருகிறது. ரைட்டரில் பதிவு செருகும் பெட்டியில், அதே சொல் வரும் எல்லா இடங்களுக்கும் குறி போடச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் பண்ணினேன். எங்கள் கையேட்டில் அதிகாரத்துக்கு அதிகாரம் ‘கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்த பிறகு’ என்றுதான் தொடங்கும். கடவுச்சொல்லுக்கு எதிரே இருபதுக்கு மேல் எண்கள் வந்தன. அவற்றில் கடவுச்சொல்லை மறந்தவருக்கு உதவுவது இரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் போய், இந்தப் பக்கத்தைத் தேடி வந்தவர் ஏதாவது தெரிந்துகொண்டு போவாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறியை எடுத்துவிடுங்கள். கண்ட்ரோலையும் எஃப்8ஐயும் சேர்த்து அழுத்தினால் குறிகள் சாம்பல் நிறத்தில் தெரியும், அல்லது தெரிந்தது மறையும்.

அறிகுறி: பத்து இடத்தில் விளக்கியிருக்கிறேன், அடைவில் இரண்டே எண்

முன்னதற்கு நேர் எதிர். தானாகக் குறி போடும் வசதிகளை நம்பியவர்களுக்கு வரும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு நிச்சயமாக வரும்.

ரைட்டரில் கொன்கோர்டன்ஸ் கோப்பு என்று ஒன்று செய்யலாம். சொற்களை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் அது கையேடு முழுதும் தேடி அடைவை நிரப்பும். ஆனால் அது தேடுவது எழுத்துகளின் வரிசையை, சொல்லை அல்ல. ‘கடன்’ என்று கொடுத்தால் ‘கடனை’, ‘கடனுக்கு’, ‘கடனில்’ எதுவும் அகப்படாது, ஏனென்றால் கணினிக்குக் கடன் என்பது ககரம், டகரம், னகரம், அதன்மேல் ஒரு புள்ளி. வேற்றுமை உருபு வந்து சேரும்போது அந்தப் புள்ளி போய்விடுகிறது. ‘படிவம்’ இன்னும் மோசம், ‘படிவத்தை’ ஆகும்போது மகரமே காணாமல் போகிறது. தமிழில் ஒரு சொல் வெறுமனே நிற்கும் இடம் எவ்வளவு குறைவு என்று இந்த வசதியைப் பாவித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

‘கடன’ என்று புள்ளியில்லாமல் கொடுத்தால் முழுச்சொல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு எல்லாம் அகப்படும், சரி. ஆனால் அப்போது முந்தைய அறிகுறி திரும்பி வரும். என் தீர்ப்பு: இருநூறு பக்கத்துக்குள் இருக்கும் கையேட்டுக்குக் கையால் குறி போடுவதே மேல். கொன்கோர்டன்ஸ் கோப்பை, எங்கேயாவது விட்டுவிட்டேனா என்று கடைசியில் ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு சொல்லுக்கு எதிரே எண்கள் ரயில் பெட்டி மாதிரி

‘கடன் விற்பனை 34, 35, 41, 57, 58, 72, 90, 91, 118’. இதைப் பார்ப்பவர் முதல் எண்ணுக்குப் போவார், கிடைக்காவிட்டால் இரண்டாவதற்குப் போவார், மூன்றாவதற்கு உங்களுக்குப் போன் எடுப்பார். ஐந்து எண்ணைத் தாண்டினால் உட்பதிவாகப் பிரித்துவிடுங்கள்:

கடன்
— அறுவடைவரை தள்ளிவைத்தல் 90–91
— எல்லை வைத்தல் 57–58
— தவணையாக மாற்றுதல் 72
— நிலுவை அறிக்கை 118
— பதிதல் 34–35

41 எங்கே என்றால், பிரிக்கப் போனபோதுதான் அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. உட்பதிவு என்ன பெயரில் போடுவது என்று யோசித்துப் பெயர் வரவில்லை என்றால் அந்த எண் பெரும்பாலும் வேண்டாததுதான்.

பெயரை வெறும் வடிவிலேயே தலையில் வையுங்கள். ‘கடனைத் தள்ளிவைத்தல்’, ‘கடனுக்கு எல்லை’, ‘கடன் பதிதல்’ என்று தனித்தனியாக எழுதினால் உருபுக்கு ஏற்றபடி வரிசையில் சிதறும், நடுவில் வேறு சொற்கள் நுழையும். ஒரு ஆறுதல், தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால் ‘நீக்குதல்’, ‘சேர்த்தல்’ என்று வினையில் தொடங்கும் நூறு பதிவுகள் ஒரே இடத்தில் குவிகிற தொல்லை நமக்குக் குறைவு. அப்படிக் குவிந்திருந்தால் யாரோ வேறு மொழிக் கையேட்டைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ‘எப்படி’ என்று தொடங்கும் பதிவுகளை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: அகரவரிசை குழம்பிக் கிடக்கிறது

மூன்று சொல்லை வைத்துப் பரிசோதிக்கலாம்: அளவு, அறிக்கை, அனுமதி. நம் வரிசை இதுதான், ள, ற, ன. உங்கள் அடைவில் அனுமதி, அறிக்கை, அளவு என்று தலைகீழாக வந்தால் கணினி யூனிகோட் அட்டவணையில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்ணின்படி அடுக்கியிருக்கிறது. அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. இந்த நான்கும் தமிழில் சொல்லின் முதலில் வராத எழுத்துகள். அதனால் அடைவின் தலைப்பெழுத்துகளை மட்டும் பார்த்தால் க, ச, த, ந, ப என்று ஒழுங்காகவே தெரியும், பிழை இரண்டாம் எழுத்துக்குள் ஒளிந்திருக்கும். வெளியே தெரியும் ஒரே அடையாளம் ஜகரம். அது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து நிற்கும்.

இன்னொரு பரிசோதனை புள்ளிக்கு. மெய் முன்னால், உயிர்மெய் பின்னால் என்பது அகராதி வழக்கம், ஆகவே கட்டணம், கடன், கடை. எண் வரிசையில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கட்டணம் கடைசிக்குப் போய்விடும்.

ரைட்டரில் அடைவின் பண்புகளைத் திறந்து, வரிசைப்படுத்தும் மொழியைத் தமிழாக மாற்றிப் புதுப்பியுங்கள். வேர்டில் அடைவு செருகும் பெட்டியிலேயே மொழி கேட்கும். மாற்றிய பிறகு அந்த ஆறு சொல்லையும் திரும்பப் பாருங்கள். அப்போதும் ஒத்து வராவிட்டால் கையால் மாற்றி வைக்க வேண்டியதுதான், ஆனால் பக்க எண்கள் எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் நாளில் செய்யுங்கள். அடுத்த முறை புதுப்பித்தால் கையால் செய்தது எல்லாம் அழிந்துவிடும்.

அடைவு ய, உ, ந, க, ப என்று போகிறது, இகரச் சொற்கள் எல்லாம் குறியீடுகளோடு முதலில் நிற்கின்றன என்றால் அது வேறு நோய். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய அதிகாரம் ஒன்று உள்ளே இருக்கிறது. பாமினியில் இகரம் காற்புள்ளி விசையிலும் யகரம் ஆங்கில முதலெழுத்திலும் இருக்கிறது, கணினி அதைத்தான் பார்த்து அடுக்குகிறது. போதாக்குறைக்குப் பாமினியின் புள்ளி அரைப்புள்ளி விசை. கொன்கோர்டன்ஸ் கோப்பில் நிரல்களைப் பிரிப்பதும் அதே அரைப்புள்ளி. முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது மறைந்திருக்கும் அடைவுக் குறிகள் விட்டுப்போகும், அவற்றைத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும்.

அறிகுறி: பார்வைக்கு ஒரே சொல், அடைவில் இரண்டு தடவை

‘கொள்வனவு 22’, அதற்கு அடுத்த வரியிலேயே ‘கொள்வனவு 47, 50’. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ‘கொ’வுக்குப் பின்னால் கேர்சரை வைத்து ஒருதரம் பேக்ஸ்பேஸ் அடியுங்கள். ‘க’ மிஞ்சினால் ஒரு குறி, ‘கெ’ மிஞ்சினால் இரண்டு. தேடி மாற்றும் வசதியால் எல்லாவற்றையும் ஒரு குறியாக்குங்கள்.

பாமினியிலிருந்து வந்த கோப்புகளில் ரகர மெய்க்குப் பதிலாக காலின்மேல் புள்ளி வைத்திருப்பார்கள். ‘பயனர்’, ‘பயனா்’ இரண்டும் இப்படித்தான் பிரிகின்றன. எனக்குக் கடைசியாக அகப்பட்டது ‘வெளியேறு’. அதில் ஒரு கொம்பும் ஒரு ளகரமும் இருக்க வேண்டிய இடத்தில் ஔகாரக் குறி விழுந்து ‘வௌியேறு’ ஆகியிருந்தது. ஔகாரம் என்பதால் வகரத்தின் வாலுக்கே போய்விட்டது. இதற்கு மேலும் ஒன்றாகாமல் இருந்தால் சொல்லின் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும், அழித்துவிடுங்கள்.

அறிகுறி: ‘காண்க’ சுற்றிச் சுற்றி விடுகிறது

‘நிலுவை, காண்க: வருமதி’. வருமதிக்குப் போனால் ‘காண்க: நிலுவை’. இரண்டு பேர் அடைவைத் தொட்டால் இது வரும். எல்லாக் ‘காண்க’ வரிகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றும் ஒரு பக்க எண்ணில் போய் முடிகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அரை மணித்தியால வேலை.

அறிகுறி: மென்பொருள் புதிதாகி அடைவு பழையதாகிவிட்டது

பொத்தானின் பெயர் மாறினால் பழைய பெயரை அடைவிலிருந்து எடுக்காதீர்கள். எங்கள் மென்பொருளில் ‘ஆவணம் இரத்து’ இப்போது ‘சிட்டை நீக்கம்’ ஆகிவிட்டது. மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் பழைய பெயரைப் பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆகாரத்தில்தான் தேடுவார்கள். ‘ஆவணம் இரத்து (பழைய பெயர்) 92’ என்று இரண்டு பதிப்புக்காவது வைத்திருங்கள்.

புதிய பிரதிகளைக் கொடுக்கும்போது பழையவற்றைத் திருப்பி வாங்குங்கள், பின் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். இந்த முறை அக்காவின் பிரதியில் நான்கு வரிதான் இருந்தது. அதில் ‘கரண்ட் போய் வந்தால்’ என்று ஒன்று, எதிரே எண் இல்லாமல். தேடிப் பார்த்தேன். கையேட்டில் அப்படி ஒரு பகுதியையே நான் எழுதியிருக்கவில்லை.